நண்டு வாடை

ஆப்பிள்டோர், அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு சிறு பாறைத் தீவு. 1871-இல் அங்கே பொறுக்கிய சில கடல் நத்தை ஓடுகள், இடமும் ஆண்டும் குறிக்கப்பட்டு அருங்காட்சியகச் சேகரிப்பில் சேர்ந்தன. 1982 முதல் 1984 வரை ராபின் சீலி என்ற உயிரியலாளர் அதே தீவில் அதே இன நத்தைகளைச் சேகரித்து, பழைய ஓடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய ஓட்டின் உச்சி கூம்பாக எழுந்து நின்றது, சுவர் மெல்லியது. புதிய ஓட்டின் உச்சி அமுங்கி, முழு ஓடும் உருண்டு திரண்டிருந்தது, சுவர் கெட்டியானது. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறு வேறு இனம் என்றே சொல்லத் தோன்றும். ஓர் உயிரினத்தின் உருவம் இப்படி மாறுவதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் என்றுதான் நம்மில் பலர் பள்ளியில் படித்தோம். இங்கே ஏறத்தாழ 110 ஆண்டு போதுமாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கரைக்கு ஒரு நண்டு வந்து சேர்ந்திருந்தது.

முதலில் நத்தையைப் பார்ப்போம். லிட்டோரினா ஒப்டுசாட்டா என்பது அதன் அறிவியல் பெயர். பெரிதாக வளர்ந்தாலும் விரல் நகத்தளவுதான் இருக்கும். வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த பாறைக் கரைகளில் ஓதம் இறங்கும்போது பழுப்பு நிறக் கடற்பாசி கற்றை கற்றையாகப் பாறை மேல் சரிந்து கிடக்கும். அந்தப் பாசியின் தண்டில் ஆங்காங்கே காற்று நிரம்பிய குமிழ்கள் உண்டு. இந்த நத்தை நிறத்திலும் உருவத்திலும் அந்தக் குமிழைப் போலவே இருக்கும். கூர்ந்து பார்த்தால்தான் எது பாசி, எது நத்தை என்று பிரிக்க முடியும். பாசியைத் தின்று, பாசியிலேயே முட்டையை ஒட்டி வைத்து வாழ்கிறது. பெரும்பாலான கடல் நத்தைகளின் முட்டையிலிருந்து வரும் லார்வாக்கள் நீரோட்டத்தோடு எங்கெங்கோ போய்விடும். இதன் முட்டையிலிருந்து வருவது ஊர்ந்து செல்லும் குட்டி நத்தை. பிறந்த பாறையை விட்டு அது அதிக தூரம் போவதில்லை. அதனால் ஒரு கரையில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்ற கணக்கு அந்தக் கரையின் அடுத்த தலைமுறையிலேயே தெரிந்துவிடும்.

இனி நண்டு. ஐரோப்பியப் பச்சை நண்டு, கார்சினஸ் மேனாஸ். 1817-இல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் முதன்முதலாகப் பதிவானது. ஐரோப்பாவிலிருந்து வந்த மரக் கப்பல்களில் தொற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நெடுங்காலம் கேப் காட் முனைக்குத் தெற்கிலேயே இருந்த நண்டு, 1900 வாக்கில் அந்த முனையைத் தாண்டி வடக்கே மெய்ன் வளைகுடாவுக்குள் நுழைந்தது. அங்கே ஏற்கெனவே உள்ளூர் நண்டுகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஆழமான நீரிலும் கரையின் அடிப்பகுதியிலும் திரிபவை. பச்சை நண்டோ ஓதம் ஏறி இறங்கும் பாறைகளில் கல்லுக்கடியிலும் பாசிக்கடியிலும் தங்கி, தண்ணீர் ஏறியதும் வேட்டைக்குக் கிளம்பும்.

அது நத்தையைத் தின்னும் விதத்தைக் கவனித்தால், ஓடு ஏன் அப்படி மாறியது என்பது விளங்கிவிடும். அதன் இரு கொடுக்குகளும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று தடித்து, மொட்டையான பற்களோடு நொறுக்குவதற்கென்று இருக்கும். மற்றொன்று மெலிந்து, வெட்டவும் பிய்க்கவும் உதவும். நத்தை கையில் சிக்கியதும் நண்டு அதை வாய்ப்பக்கம் தூக்கி, கால்களால் பலமுறை புரட்டிப் பார்க்கும். நத்தை உடலை உள்ளிழுத்துக்கொண்டு மூடியால் வாசலை அடைத்துவிடும். நண்டு முதலில் உச்சிக் கூம்பைக் கொடுக்கின் இடையில் வைத்து அழுத்தும். கூம்பு எழுந்து நின்றால் பிடிக்க வசதி. மெலிந்திருந்தால் உடனே பொடிந்துவிடும். உச்சி உடையாவிட்டால் ஓட்டின் உதட்டைச் சில்லுச் சில்லாக உடைத்துக்கொண்டே உள்ளே போகப் பார்க்கும். அமுங்கிய, உருண்ட, தடித்த ஓட்டில் கொடுக்கு வழுக்கும். அழுத்தம் ஒரே இடத்தில் குவியாது. சில நிமிடம் முயன்றும் உடையாத நத்தையை நண்டு கீழே போட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். நண்டுக்கு நேரமும் உணவுதான்.

சீலி இரண்டு வகை ஓடுகளையும் நண்டுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மெல்லிய, கூம்பு உச்சி நத்தைகளே எளிதில் இரையாயின. பச்சை நண்டு அரிதாக இருந்த வடக்குக் கரைகளில் பழைய வகை ஓட்டோடு நத்தைகள் இன்னும் வாழ்வதையும் கண்டார். 1986-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் தன் முடிவை வெளியிட்டார்: மெல்லிய ஓட்டு நத்தைகள் தின்னப்பட்டன, தடித்த ஓட்டு நத்தைகள் பெருகின, கண்முன்னே நடந்த இயற்கைத் தேர்வு இது. பாடப்புத்தகங்கள் இந்தக் கதையை விரும்பி எடுத்துக்கொண்டன.

கதை அதோடு முடியவில்லை. எனக்கு இந்தத் துறையின் மீது பெரும் ஈடுபாடு வரக் காரணம் அதன் இரண்டாம் பாகம்தான்.

கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள பாம்ஃபீல்டு கடல் நிலையத்தில் ஆப்பிள்டன், ரிச்சர்ட் பால்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். நியூசெல்லா என்ற வேட்டை நத்தைகளைத் தொட்டியில் வளர்த்தார்கள். சில தொட்டிகளுக்குள் வரும் தண்ணீர், முதலில் நண்டு இருக்கும் தொட்டியைக் கடந்து வந்தது. நண்டு நத்தையைத் தொடவே முடியாது. அதன் வாடை கலந்த நீர் மட்டும்தான் வந்து சேர்ந்தது. அந்த நத்தைகளின் ஓட்டு வாயில் உட்புறப் பற்கள் பெரிதாயின, உதடு தடித்தது. நண்டு அதே இன நத்தைகளைத் தின்றுகொண்டிருந்த தொட்டியிலிருந்து நீர் வந்தபோது மாற்றம் இன்னும் அதிகமாக இருந்தது. வாடை மட்டும் பட்ட நத்தைகளில் ஒன்றைக் கூட நண்டு கொல்லவில்லை. தேர்வு எதுவும் நடக்கவில்லை. வாழ்ந்துகொண்டிருந்த அதே நத்தைதான் தன் ஓட்டின் வடிவத்தை மாற்றிக்கொண்டது.

அப்படியானால் ஆப்பிள்டோர் தீவில் நடந்தது என்ன? மெல்லிய ஓட்டுக்காரர்கள் அழிந்து தடித்த ஓட்டுக்காரர்கள் மிஞ்சினார்களா, அல்லது ஒவ்வொரு நத்தையும் நண்டு வாடையை உணர்ந்து தன் ஓட்டைத் தடித்துக்கொண்டதா? ஜெஃப்ரி ட்ரஸ்ஸல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். நண்டு அதிகமுள்ள தெற்குக் கரை நத்தைகளையும் குறைவாக உள்ள வடக்குக் கரை நத்தைகளையும் இடம் மாற்றி வளர்த்தார். டேவிட் ஸ்மித்தோடு சேர்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில் இரு கரை நத்தைகளும் நண்டு வாடை பட்டதும் ஓட்டைத் தடித்துக்கொண்டன. வடக்கிலிருந்து தெற்கே கொண்டுவந்தவையும் தடித்தன. சீலி கண்ட நூற்றாண்டு மாற்றத்தில் ஒரு நல்ல பங்கு இப்படி வந்ததாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இரண்டு விளக்கங்களில் ஒன்றுதான் சரி என்று கட்சி பிரிப்பது வீண் வேலை என்றே நான் கருதுகிறேன். நண்டு வாடைக்கு உடல் எவ்வளவு விரைவாக, எவ்வளவு அதிகமாக எதிர்வினை காட்டும் என்பதும் மரபணுவில் இருக்கும் பண்புதான். அந்தத் திறனும் தேர்வுக்கு உட்பட்டதுதான். முதல் தலைமுறை உடலை வளைத்து உயிர் பிழைக்கிறது. அது பிழைத்திருக்கும் அவகாசத்தில் தேர்வு தன் வேலையை மெல்லச் செய்கிறது.

அந்த வாடையில் அப்படி என்னதான் இருக்கிறது? நத்தைகளுக்கு நண்டை அடையாளம் காணும் அளவுக்குப் பார்வை கிடையாது. தண்ணீரில் கரைந்து வரும் வேதிப்பொருள்தான் அவற்றுக்குச் செய்தி. எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாகவே இருந்தது, ஏனென்றால் கடல்நீரில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கின்றன. 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த குழு ஒரு விடையை வெளியிட்டது. நீல நண்டு என்ற பெரிய நண்டு, சேற்று நண்டு என்ற சிறியதைத் தின்னும். சேற்று நண்டு சிப்பிகளைத் தின்னும். நீல நண்டின் சிறுநீரில் உள்ள ட்ரைகோனெல்லின், ஹோமரின் என்ற இரண்டு சேர்மங்கள் பட்டதும் சேற்று நண்டு சாப்பிடுவதை நிறுத்திப் பதுங்கிவிடுகிறது. ட்ரைகோனெல்லின் நம் சமையலறைக்குப் புதிதல்ல. வெந்தயத்திலும் காபிக் கொட்டையிலும் உள்ளது. காலையில் நாம் விரும்பிக் குடிக்கும் பானத்தில் இருக்கும் ஒரு பொருள், சேற்று நண்டுக்குச் சாவின் அறிகுறி.

பாதுகாப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை. ஓட்டுக்குள் இருக்கும் இடம் அளவானது. சுவர் உட்புறமாகத் தடித்தால் உடலுக்கு இடம் குறையும். உடல் சிறுத்தால் முட்டையும் குறையும். ட்ரஸ்ஸலின் நத்தைகளில் ஓடு தடித்தபோது சதை வளர்ச்சி குறைந்தது. இதிலும் ஒரு நல்ல விவாதம் உண்டு. நண்டு வாடை பட்ட நத்தை பயத்தில் சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்கிறது; உடல் வளராமல் நிற்கிறது, ஆனால் சுண்ணாம்பு சுரப்பது நிற்பதில்லை; அது உட்சுவரில் படிந்து ஓடு தானாகத் தடிக்கிறது என்று சிலர் காட்டியிருக்கிறார்கள். பட்டினி போட்ட நத்தையின் ஓடும் ஏறத்தாழ அதே போலத் தடிக்கிறது. திட்டமிட்ட கவசமா, பட்டினியின் பக்கவிளைவா என்பது நத்தைக்கு நத்தை வேறுபடலாம். எப்படியானாலும் நண்டின் கொடுக்குக்கு அந்தச் சுவர் கடினம்தான்.

விலை என்ன என்பதை ஐயமின்றிக் காட்டியவர் கர்ட்டிஸ் லைவ்லி. அவர் பார்த்தது கொட்டலசு. நம் துறைமுகத் தூண்களிலும் படகின் அடியிலும் அப்பிக்கொண்டு மீனவர்களைப் பாடாய்ப் படுத்துகிறதே, அதன் உறவு. மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் வாழும் இந்தக் கொட்டலசு இரண்டு உருவங்களில் வளரும். வழக்கமான உருவம் எரிமலை மாதிரி, மேலே வாய். மற்றொன்று ஒருபக்கமாக வளைந்து, வாய் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அங்கே அகாந்தினா என்ற வேட்டை நத்தை உண்டு. அதன் ஓட்டு உதட்டில் ஒரு முள் இருக்கும். அந்த முள்ளைக் கொட்டலசின் வாய் மூடியில் குத்தி இறக்கித் திறக்கும். வாய் மேலே இருந்தால் குத்துவது எளிது, பக்கவாட்டில் இருந்தால் கடினம். இளம் கொட்டலசுகளின் அருகில் அந்த நத்தை இருந்தால் அவை வளைந்து வளர்கின்றன, இல்லாவிட்டால் நேராக வளர்கின்றன. 1986-இல் லைவ்லி வெளியிட்ட கணக்குப்படி வளைந்தவை மெதுவாக வளர்ந்தன, குறைவாகவே முட்டையிட்டன. எதிரியே இல்லாத இடத்தில் வளைந்து வளர்வது நஷ்டம். எதிரி இருக்கும் இடத்தில் நேராக வளர்வது மரணம். கொட்டலசோ ஒருமுறை பாறையில் ஒட்டிவிட்டால் பிறகு நகர முடியாத உயிர். இளமையில் எடுக்கும் அந்த ஒரு முடிவோடுதான் கடைசிவரை வாழ வேண்டும்.

மெய்ன் வளைகுடாவுக்குத் திரும்புவோம். அங்கும் நியூசெல்லா பேரினத்தின் வேட்டை நத்தை ஒன்று உண்டு, நியூசெல்லா லாபில்லஸ். கொட்டலசுகளையும் மஸல் என்னும் கருநீலச் சிப்பிகளையும் தின்று வாழ்வது. குமரிக் கரையில் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கும் கல்லுமக்காய், இந்த மஸலின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நியூசெல்லா சிப்பியைத் திறக்கும் முறை பொறுமையின் உச்சம். சிப்பியின் மேல் ஏறி உட்கார்ந்து, காலில் உள்ள ஒரு சுரப்பியை ஓட்டின் மீது அழுத்தும். அதிலிருந்து வரும் திரவம் சுண்ணாம்பை இளக்கும். பிறகு சுரப்பியை விலக்கிவிட்டு, நுண்ணிய பற்கள் வரிசையிட்ட அரநாக்கால் இளகிய பகுதியைச் சுரண்டி எடுக்கும். மீண்டும் சுரப்பி, மீண்டும் அரநாக்கு. ஒரு துளை முடிய நாட்கணக்கில் ஆகும். முடிந்ததும் தூம்பு போன்ற வாயைத் துளை வழியாக நுழைத்து, உள்ளே இருப்பதைக் கரைத்துக் குடிக்கும்.

சிப்பிகள் சும்மா இருப்பதில்லை. பாறையில் தங்களைக் கட்டிக்கொள்ள அவை உறுதியான நார் இழைகளைச் சுரக்கும். நெருக்கமாக வாழும் சிப்பிகளின் நடுவே வேட்டை நத்தை வந்தால், பக்கத்துச் சிப்பிகள் அந்த இழைகளை நத்தையின் ஓட்டிலேயே ஒட்டத் தொடங்கும். பல இழைகள் விழுந்ததும் நத்தை நகர முடியாமல் சிறைப்பட்டு, அங்கேயே பட்டினியில் சாகும். மூளை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத, தலையே இல்லாத உயிர் செய்யும் வேலை இது.

இந்த வேட்டை நத்தைக்கும் பச்சை நண்டு எதிரி. ட்ரஸ்ஸலும் உடன் ஆய்வாளர்களும், துளையிட்ட பெட்டிக்குள் நண்டை அடைத்து, வாடை மட்டும் வெளியே வரும்படி வைத்துப் பார்த்தார்கள். நத்தைகள் கொட்டலசு தின்பதைக் குறைத்துக்கொண்டு இடுக்குகளில் பதுங்கின. கொட்டலசுகள் கூடுதலாகப் பிழைத்தன. பெட்டிக்குள் இருந்த நண்டு ஒரு நத்தையைக் கூடத் தொடவில்லை, ஆனால் கொட்டலசுகளின் தலைவிதி மாறிவிட்டது. 2006-இல் அவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: பயந்த நத்தை குறைவாகத் தின்றதோடு, தின்றதையும் சரியாக உடலாக மாற்றவில்லை. உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக வேண்டிய ஆற்றல் பயத்திலேயே கரைந்து போகிறது. கொன்றுண்ணியின் ஆட்சியை அது தின்றவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளந்துவந்த பழைய முறை பாதிக் கணக்குதான். தின்னப்படாமல், ஆனால் தின்னப்படுவோம் என்ற அச்சத்தில் வாழும் கூட்டத்தைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். இந்த அத்தியாயத்தில் வாசகர் ஒரே ஒரு செய்தியை எடுத்துச் செல்வதானால் அது இதுவாகவே இருக்கட்டும்.

எதிரியின் வாடையை அறியும் திறன் பிறவியிலேயே எல்லா எதிரிகளுக்கும் சேர்த்து வருவதில்லை. 1988-இல் நியூ ஜெர்சிக் கரையில் இன்னொரு அந்நிய நண்டு தென்பட்டது: ஆசியக் கரை நண்டு. அது மெல்ல வடக்கே பரவியது. ஏரன் ஃப்ரீமன், ஜேம்ஸ் பயர்ஸ் இருவரும் இந்த நண்டின் வாடையை இரண்டு பகுதி மஸல்களுக்குக் காட்டினார்கள். நண்டு ஏற்கெனவே பரவியிருந்த தெற்கு நியூ இங்கிலாந்துச் சிப்பிகள் ஓட்டைத் தடித்துக்கொண்டன. நண்டு இன்னும் எட்டாத வடக்கு மெய்ன் சிப்பிகள் அசையவில்லை. ஆனால் பழகிய பச்சை நண்டின் வாடைக்கு இரண்டு கூட்டமும் எதிர்வினை காட்டின. 2006-இல் சயின்ஸ் இதழில் இது வெளிவந்தபோது, அந்தத் தெற்குக் கரைக்கு ஆசிய நண்டு வந்து சுமார் 15 ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு கரைச் சிப்பிகள் புதிய எதிரியை இன்னதென்று அறிந்துவிட்டன.

ஓட்டைத் தடித்துக்கொள்வது நண்டுக்கு எதிராக உதவும். எதிரி நட்சத்திர மீன் என்றால் அதனால் பயனில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீன் மஸலைக் கட்டிப்பிடித்து, நூற்றுக்கணக்கான குழாய்க்கால்களால் இரு ஓடுகளையும் இழுக்கும். மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும், தன் இரைப்பையையே வெளியே தள்ளி அதற்குள் நுழைத்துச் செரித்துவிடும். அங்கே தப்பும் வழிகள் வேறு. பிசாஸ்டரால் நெடுநேரம் நீரின்றி இருக்க முடியாது என்பதால் மஸல்கள் பாறையின் மேல்பகுதியில் பிழைக்கின்றன. ராபர்ட் பெய்ன் 1963-இல் வாஷிங்டன் மாநிலத்தின் மக்கா விரிகுடாவில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து பிசாஸ்டர்களை எல்லாம் பிடுங்கி எறிந்தார். மஸல்கள் கீழே இறங்கி மற்ற உயிர்களை நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின.

அதே கரையில் நட்சத்திர மீனின் குழாய்க்கால் பட்டதும் சில உயிர்கள் செய்வதைப் பார்த்தால் வியப்பு அடங்காது. பாறையோடு ஒட்டிக் கிடக்கும் லிம்பெட் நத்தைகள் ஓட்டம் பிடிக்கின்றன. நத்தையின் வேகத்துக்கு அது ஓட்டம்தான். ஸ்டாம்ஃபியா என்ற கடல் அனிமோன், அசையாது என்று நாம் நினைக்கும் உயிர், ஒருவகை நட்சத்திர மீன் தொட்டதும் பாறையிலிருந்து கழன்று உடலை வளைத்து வளைத்து நீந்திவிடுகிறது. டயோடோரா என்ற லிம்பெட்டின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. அது தன் மென்தோலை ஓட்டுக்கு மேலே இழுத்துப் போர்த்திக்கொள்ளும். குழாய்க்கால்களுக்குப் பிடி கிடைக்காது. அதன் ஓட்டுக்கடியில் ஒரு செதில் புழு குடியிருக்கும். நட்சத்திர மீன் நெருங்கினால் அந்தப் புழு தலையை நீட்டி அதன் குழாய்க்கால்களைக் கடிக்கும்.

இவ்வளவும் ஒரு தலைமுறை, ஒரு நூற்றாண்டுக் கதை. நெடுங்காலத்தில் இந்தப் பகை என்ன செய்தது என்பதைப் படித்தவர் கீரட் வெர்மே. 1946-இல் நெதர்லாந்தில் பிறந்தவர். மூன்று வயதில் பார்வையை முழுதாக இழந்தவர். சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்தபின், வகுப்பாசிரியை ஒருவர் ஃப்ளோரிடாவிலிருந்து கொண்டுவந்து வைத்த சிப்பி ஓடுகளைத் தொட்டுப் பார்த்ததில் தொடங்கியது அவர் ஆர்வம். பின்னாளில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியரானார். விரல் நுனியையும் நகத்தையும் கொண்டே ஓட்டின் வரிகளை, பற்களை, வாயின் குறுகலைப் படித்தார். பசிபிக்கின் குவாம் தீவு ஓடுகளில் கண்ணுள்ளவர்கள் பலர் குறை என்று ஒதுக்கும் ஒன்று அவர் விரலில் தட்டுப்பட்டது: ஓட்டின் குறுக்கே கோணல்மாணலாக ஓடும் தழும்பு. நண்டு உதட்டை உடைத்தது, நத்தை தப்பியது, மீண்டும் ஓட்டைக் கட்டி வளர்ந்தது என்பதற்கான சான்று அது.

அந்தத் தழும்பிலிருந்து வெர்மே எடுத்த வாதம் எளிமையானது, வலுவானது. தாக்கும் எதிரி ஒவ்வொரு முறையும் வென்றால் இரையில் நல்ல ஓடு, மோசமான ஓடு என்ற வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை, எல்லாம் சாகும். எதிரி அடிக்கடி தோற்கும் இடத்தில்தான் பாதுகாப்பு பரிணமிக்கும். வெப்பமண்டலக் கடல்களில், அதிலும் இந்திய-பசிபிக் கடல்களில், ஓடுகள் தடித்தும் வாய் குறுகியும் பற்களும் முட்களும் கொண்டும் இருப்பதை அவர் அங்குள்ள நண்டுகளின் வலிமையோடு இணைத்துக் காட்டினார். 1977-இல் புதைபடிவங்களைக் கொண்டு இன்னும் பின்னோக்கிப் போனார். டைனோசர்களின் காலத்தில் ஓடு உடைக்கும் நண்டுகளும் மீன்களும் துளையிடும் நத்தைகளும் பெருகப் பெருக, தளர்வாகச் சுருண்ட ஓடுகள் ஆழமற்ற கடல்களில் அருகின. கவசம் பூண்டவையும் மண்ணில் ஆழப் புதைபவையும் பெருகின.

தாக்குபவர் பக்கமும் மாறுகிறது. 1994-இல் ஸ்மித்தும் பால்மரும் நண்டுகளில் ஒரு பிரிவுக்கு ஓடுள்ள இரையையும் மற்றொன்றுக்கு ஓடு நீக்கிய இரையையும் கொடுத்து வளர்த்தார்கள். தோலுரித்தபின் கடின இரை தின்றவற்றின் கொடுக்குகள் பெரிதாகவும் வலுவாகவும் வந்தன. கலப்பா என்ற நண்டோ வலக் கொடுக்கில் தனியே ஒரு பல்லை வளர்த்து, டின் திறக்கும் கருவி போல ஓட்டின் உதட்டைச் சுற்றி வெட்டிக்கொண்டே போகும். வழக்கமான திசையில் சுருண்ட ஓட்டுக்கென்றே அமைந்த கருவி அது. எதிர்த் திசையில் சுருண்ட ஓட்டில், அதாவது நம் வலம்புரிச் சங்கு சுருளும் திசையில், அது சரியாகப் பொருந்தாது. ஃப்ளோரிடாப் புதைபடிவ ஓடுகளை எண்ணிப் பார்த்தபோது, எதிர்த் திசை ஓடுகளில் நண்டுத் தழும்புகள் குறைவாகவே இருந்தன.

இந்தப் பகையின் களம் இப்போது நம்மால் மாறிக்கொண்டிருக்கிறது. மெய்ன் வளைகுடா உலகில் மிக வேகமாகச் சூடாகும் கடற்பகுதிகளில் ஒன்று. வெதுவெதுப்பான ஆண்டுகளில் பச்சை நண்டு பெருகும். 1950களில் அப்படிப் பெருகியபோது மெய்ன் கரையில் மட்டி தோண்டிப் பிழைத்தவர்களின் வருமானம் சரிந்தது; இன்று மீண்டும் அதே கவலை. மட்டிகள் நண்டு வாடைக்கு ஆழமாகப் புதைந்து பார்க்கின்றன, ஆனால் குஞ்சு மட்டிகளுக்கு அவ்வளவு ஆழம் போக முடியாது. இன்னொரு செய்தி இதைவிடக் கவலை தருவது. 2007-இல் பிரிட்டனின் பிளிமத் ஆய்வாளர்கள் அமிலத்தன்மை ஏற்றிய கடல்நீரில் லிட்டோரினா நத்தைகளை வைத்து நண்டு வாடையைக் காட்டினார்கள். அவை பயந்தன, நீரை விட்டு வெளியேறப் பார்த்தன. ஓடு மட்டும் தடிக்கவில்லை. நாம் எரிக்கும் எரிபொருளின் கரிவளியில் ஒரு பங்கு கடலில் கரைந்து அதன் அமிலத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. சோதனையில் வைத்த அளவு இன்றைய கடலைவிட மிகக் கடுமையானது என்றாலும், திசை அதுதான்.

இதைப் படிப்பவர்கள் அடுத்த முறை மெரினாவிலோ தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணக் கரையிலோ நடக்கும்போது, ஒரு கைப்பிடி ஓடுகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெளியே அகன்று உள்ளே குறுகும் வட்டத் துளை இருந்தால், அது மணலுக்கடியில் வேட்டையாடும் நிலவு நத்தையின் வேலை. துளையின் சுவர் நேராக இறங்கினால் நியூசெல்லா குடும்பத்து நத்தை. வளர்ச்சி வரிகளை வெட்டிக்கொண்டு கோணலாக ஒரு தழும்பு ஓடினால், அந்த உயிர் ஒரு நண்டிடமிருந்து தப்பி வாழ்ந்திருக்கிறது. உள்ளே துறவி நண்டு இருக்கும் ஓட்டை மட்டும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதற்கும் அதுதான் கவசம்.